ஆங்கிலத் தேர்வில் தோற்ற கணித மேதை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் முளையின் அருமை எல்லார் கண்ணுக்கும் எளிதில் தெரிந்துவிடுவதில்லை. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையே இதற்குச் சான்று. உலகம் போற்றும் அப்பெருமகனார் இளமையில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வியுற்றவர் என்பதை நம்மில் பலர் அறியோம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை எதிர்நோக்கி இருக்கும் நாங்கள், அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம்.

நம் சேவூர் வட்டாரத்தில் ஆங்கிலம் வீட்டில் பேசும் மொழி அன்று. பனியன் கம்பெனியிலிருந்து வெளிநாடு செல்லும் சட்டைகளின் லேபிளில்தான் நம் பெற்றோர் பலர் அதை நாள்தோறும் காண்கின்றனர். ஆகவே பத்தியைப் படித்து விடை எழுதுவதும், கடிதம் வரைவதும், கட்டுரை எழுதுவதும் நமக்கு மலைப்பாகவே இருக்கின்றன. இம்மலைப்பு இராமானுஜன் காலத்திலும் இருந்தது.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நமக்கு அருகிலுள்ள ஈரோட்டில், தம் தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதி வந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். வறுமை நிறைந்த குடும்பமே ஆயினும் கல்விக்குக் குறை வைக்கவில்லை. 1897-இல் நடந்த தொடக்கக் கல்வித் தேர்வில் இராமானுஜன் மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அத்தேர்வில் ஆங்கிலமும் ஒரு பாடம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் அவருக்கு வராத மொழி அன்று.

பின்னர் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதிற்குள் லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதி நூலைக் கற்றுத் தேர்ந்தார். 1903-ஆம் ஆண்டில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. விளக்கங்கள் மிகக் குறைவு. இராமானுஜனோ ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பித்துப் பார்த்தார். தாள் வாங்கப் பணம் இல்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் போடுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். சுருக்கமாக எழுதும் இப்பழக்கம் அவரை விட்டு நெடுநாள் நீங்கவில்லை.

1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கேதான் சோதனை காத்திருந்தது. கணிதத்தில் மூழ்கிய அவர் மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வியுற்றார். உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஒரு பருவத்திற்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் மாத வருமானமோ ஏறக்குறைய 20 ரூபாய். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைவதால் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு எத்துணைப் பெரிய இடி விழக்கூடும் என்பதை இதனால் உணரலாம். மனம் நொந்த இராமானுஜன் 1905-இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பட்ட துயரத்தை எழுத்தில் கூற இயலுமோ?

வீடு திரும்பிய பின், 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வி. பட்டம் இல்லை, வேலையும் இல்லை. 1909-இல் ஜானகி அம்மையாரை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்தது. தம் நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

1911-இல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அது எளிதில் வெளிவரவில்லை. கருத்து உயர்ந்தது. எழுதிய முறையோ படிப்பவருக்கு விளங்காதபடி மிகச் சுருக்கமாயிருந்தது. இதழாசிரியர் நாராயண ஐயங்கார் அதைக் குப்பையில் எறிந்துவிடவில்லை. திருத்தி எழுதுமாறு பலமுறை திருப்பி அனுப்பி, பொறுமையுடன் வழிகாட்டினார். இராமானுஜனும் சலிக்காமல் திருத்தினார். எழுத்துப் பயிற்சி என்பது இதுதான் அன்றோ! கல்லூரித் தேர்வு அவரைத் தோற்றவர் என்று கூறி வெளியே அனுப்பியது. இதழாசிரியரோ குறையைச் சுட்டிக்காட்டி, நிறையை வெளிக்கொணர்ந்தார்.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கிருந்த மேலதிகாரிகள் அவருடைய திறமையை உணர்ந்து ஊக்கம் அளித்தனர். அதன் பயனாக 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னர் வேறு இரு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. இக்கடிதத்தில் தாம் யார், தமக்குப் பட்டம் இல்லை என்பவற்றை மறைக்காமல் கூறி, சுமார் 120 கணித முடிவுகளையும் இணைத்திருந்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அதை ஆராய்ந்து, எழுதியவர் பெரும் மேதை என்று தெளிந்தனர்.

அக்கடிதம் எழுதப்பட்ட மொழி எது? ஆங்கிலமே! எந்த மொழியில் கட்டுரை எழுதத் தவறியதால் கல்லூரி வாசல் மூடியதோ, அதே மொழியில் எழுதிய கடிதம் உலகின் வாசலைத் திறந்தது. கல்லூரியில் அவர் எழுதிய கட்டுரையில் சொல்வதற்கு அவருக்கென ஒன்றும் இருந்திராது. கடிதத்திலோ சொல்லியே தீரவேண்டிய செய்தி ஒன்று இருந்தது. அதுவே வேற்றுமை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. பட்டம் இல்லாதபோதும் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச் 17-இல் கப்பலேறினார். 1916-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியின் மூலம் பட்டம் பெற்றார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடும் குளிரும் நோயும் அவரை வாட்டின. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதில் சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஜானகி அம்மையார் தையல் தொழிலால் தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். தையல் இயந்திரத்தின் ஓசையிலே வளரும் நமக்கு அவரும் ஓர் எடுத்துக்காட்டு.

இராமானுஜனே தோற்றார், ஆகவே ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லை என்று எவரேனும் எண்ணினால் அது பெருந்தவறு. ஆங்கில நூல் அவர் அறிவை வளர்த்தது. ஆங்கிலக் கடிதம் அவரை உயர்த்தியது. எழுத்தில் தெளிவு இல்லாதபோது அவருடைய மேதைமை கூட மறைந்தே கிடந்தது. ஆகவே மாணவியராகிய நாம் மனப்பாடம் செய்த கட்டுரையோடு நின்றுவிடாமல், நம் மனத்தில் உள்ளதைச் சொந்த வாக்கியத்தில் நாள்தோறும் சில வரிகளாவது எழுதிப் பழக வேண்டும். பிழை திருத்தும் சிவப்பு மையைக் கண்டு அஞ்சாமல், அதை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும்.

அதுபோலவே, ஒரு தாளில் மதிப்பெண் குறைந்ததும் இனிப் படிப்பு வேண்டாம், கம்பெனிக்குப் போகட்டும் என்று பெற்றோர் முடிவு செய்துவிடக் கூடாது என்று பணிவுடன் வேண்டுகிறோம். தேர்வு நாம் இன்று எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும். நாளை எங்கே செல்வோம் என்பதைக் காட்டாது.

இறைவன் ஒவ்வொருவருக்கும் ஒரு தாலந்தைத் தந்திருக்கிறார். அதை மண்ணில் புதைத்துவிடாமல், பிறர் அறியத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றலையும் வளர்த்துக்கொள்வோம். நம் ஆசிரியைகளின் நல்வழிகாட்டலில் நாமும் வெற்றி காண்போமாக!