புனித பெரிய சிங்கராயர்

திருநாள் வந்தால் கோயில் நிறைகிறது. கொடி இறங்கியதும் பந்தல் பிரிக்கப்படுகிறது. அத்துடன் அந்தத் திருநாளும் நம் வாழ்வை விட்டுப் போய்விடுகிறதா? யூபிலி கொண்டாடும் பங்கு மக்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு விடைகாண உதவும் வாழ்க்கை ஒன்று உண்டு. அதுவே பாப்பரசர் முதலாம் சிங்கராயரின் வாழ்க்கை. லியோ என்னும் இலத்தீன் பெயருக்குச் சிங்கம் என்பது பொருள். ஆகையால் தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சிங்கராயர் என அழைத்து வந்துள்ளனர்.

இத்தாலியின் தஸ்கனிப் பகுதி அவரது பூர்வீகம் என்பது பழைய மரபு. உரோமைத் திருச்சபையில் திருத்தொண்டராகப் பணியாற்றி, இரு பாப்பரசர்களின் நம்பிக்கையைப் பெற்றார். 440ஆம் ஆண்டில், பகைத்து நின்ற இரு அரசு அதிகாரிகளைச் சமாதானப்படுத்த, இன்றைய பிரான்சு நாடாகிய கோல் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே இருந்தபோதே உரோமை மக்கள் அவரைப் பாப்பரசராகத் தெரிந்துகொண்டனர். நாற்பது நாள்களுக்கு மேல் பொறுமையுடன் காத்திருந்து வரவேற்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் அபிஷேகம் பெற்றார்.

அக்காலத்தில் உரோமைப் பேரரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. வடக்கிலும் தெற்கிலும் பகைவர், உள்ளே வறுமை. அத்தகைய நாள்களில் சிங்கராயர் தம் மக்களுக்கு அளித்த உறுதியான துணை, ஆண்டுதோறும் தவறாது வரும் திருச்சபையின் காலங்களும், அவற்றுக்குரிய வேத வாசகங்களுமே. அவருடைய பிரசங்கங்களில் 97 இன்றும் நமக்குக் கிடைத்துள்ளன. பெரும்பாலும் சுருக்கமானவை, சாதாரண விசுவாசிகளுக்குச் சொல்லப்பட்டவை.

கிறிஸ்து பிறப்பு விழாவில், கடவுளின் மகன் நம் மனிதத் தன்மையை ஏற்றதனால் நமக்குக் கிடைத்த மேன்மையை நினைவூட்டி, பழைய பாவ வாழ்வுக்குத் திரும்ப வேண்டாமென அறிவுறுத்தினார். அக்காலத்தில் சில கிறிஸ்தவர்கள் புனித இராயப்பர் கோயில் படிகளில் ஏறியதும், பழைய வழக்கப்படி உதிக்கும் சூரியனை நோக்கித் தலைவணங்கிவிட்டு உள்ளே நுழைவார்கள். அதை அவர் கண்டும் காணாதவர்போல் விட்டுவிடவில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார்.

தவக்காலத்தில் ஆண்டவர் உருமாறிய நிகழ்ச்சியை விளக்கி, சிலுவையின் இடறல் சீடர்களின் மனத்தைக் குலைத்துவிடாதபடியே அந்த மகிமை காட்டப்பட்டது என்று போதித்தார். நோன்பைப் பற்றி அவர் ஓயாமல் வற்புறுத்தியது ஒன்றுண்டு: நாம் உண்ணாமல் விட்டது ஏழையின் வயிற்றுக்குப் போய்ச் சேரவேண்டும். கொடுப்பதற்கு அதிகம் இல்லாதவனும் மனம் தளர வேண்டியதில்லை. காணிக்கையின் எடையைக் கடவுள் கையில் அல்ல, இருதயத்தில் பார்க்கிறார் என்பது அவர் போதனை. பாடுகளின் வரலாற்றை ஒரே நாளில் சொல்லி முடிக்காமல், குருத்து ஞாயிறன்று தொடங்கி, மீதியைப் புதன்கிழமைக்கு வைத்துக்கொள்வார். விண்ணேற்ற விழாவில், கண்ணுக்குத் தெரிந்த இரட்சகர் மறைந்துவிட்டாரே என வருந்த வேண்டாம், அவரிடம் காணப்பட்டவை இப்போது திருவருட்சாதனங்களில் தொடர்கின்றன என்று தேற்றினார்.

பீடத்தில் அவர் மக்களுக்குப் போதித்த அதே விசுவாசத்தையே உலகத் திருச்சபைக்கும் எடுத்துரைத்தார். கிறிஸ்துவின் மனிதத் தன்மையைக் குறித்து யூத்திக்கஸ் என்னும் துறவி தவறாகப் போதித்தபோது, 449ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் ஆயர் பிளாவியானுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. கிறிஸ்து மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்னும் சத்தியத்தை அது தெளிவாக்கியது. 451ஆம் ஆண்டில் கால்செதோன் பொதுச்சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது.

452ஆம் ஆண்டில் ஹூணர் தலைவன் அத்தில்லா வட இத்தாலியைச் சூறையாடி வந்தான். சிங்கராயர் இரு அரசுப் பிரதிநிதிகளுடன் சென்று அவனைச் சந்தித்தார். அவன் திரும்பிப் போனான். அவனுடைய படையைப் பசியும் நோயும் வாட்டியதும் அதற்கொரு காரணம் என்பர். ஆனால் 455ஆம் ஆண்டில் வந்த வண்டாலர் தலைவன் கென்சரிக் திரும்பிப் போகவில்லை. நகருக்கு வெளியே அவனை எதிர்கொண்ட பாப்பரசரால், தீவைப்பையும் கொலையையும் தவிர்க்குமாறு கேட்கத்தான் முடிந்தது. 14 நாள் கொள்ளை நடந்தது. கோயில்களில் திருப்பாத்திரங்களும் போயின. கொன்ஸ்தாந்தீன் பேரரசர் பெருங்கோயில்களுக்குக் கொடுத்திருந்த ஆறு பெரிய வெள்ளிச் சாடிகளை உருக்கி, கொள்ளைபோன கோயில்களுக்குப் புதிய பாத்திரங்கள் செய்துகொடுத்தார் சிங்கராயர். பேரரசரின் நினைவுச்சின்னத்தைவிட, ஏழைப் பங்கிலும் திருப்பலி நடைபெறுவதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மேய்ப்பரின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியது வேறொன்று. பகைவர் கையினின்று நகரம் தப்பியதற்கு நன்றி செலுத்தும் நாள் ஒன்று ஆண்டுதோறும் அனுசரிக்கப்பட்டு வந்தது. தொடக்கத்தில் மக்கள் திரண்டு வந்தார்கள். பின்னர் ஓராண்டு கோயிலில் சிலரே இருந்தார்கள். கூட்டமோ விளையாட்டரங்கில் இருந்தது. அன்று சிங்கராயர் எடுத்துக்காட்டியது, குணமான பத்துத் தொழுநோயாளரில் ஒருவனே திரும்பி வந்த நற்செய்திப் பகுதி. படையெடுப்பைக் காட்டிலும் நன்றி மறத்தலையே அவர் பேராபத்தாகக் கண்டார்.

461ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அவர் கடவுளடி சேர்ந்தார். அவர் உடல் புனித இராயப்பர் பேராலயத்தில் இளைப்பாறுகிறது. 1754ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். முன்பு ஏப்ரல் 11இல் கொண்டாடப்பட்ட அவர் விழா, 1969ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தத்தால் அவர் இறந்த நாளுக்கே மாற்றப்பட்டது. அவர் பெயரைப் பின்னர் 13 பாப்பரசர்கள் ஏற்றுள்ளனர். அவர்களில் பதினான்காம் லியோ 2025ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

பங்கு மக்களே, யூபிலி என்பதும் நன்றியின் நாளே. நம் முன்னோர் கல் சுமந்து கட்டிய கோயிலில், எத்தனை திருவருகைக் காலங்கள், எத்தனை தவக்காலங்கள், எத்தனை உயிர்ப்பு விழாக்கள் நம்மைக் கடந்து சென்றன! பந்தல் பிரிக்கப்பட்ட மறு ஞாயிறன்று, திரும்பி வந்த அந்த ஒருவனைப்போல் நாமும் வருவோமா? அந்த ஞாயிறே நம் யூபிலியின் பலனைக் காட்டும்.

புனித பெரிய சிங்கராயரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.