அண்ணல் அம்பேத்கரும் அசோகச் சக்கரக் கொடியும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஆம் நாளன்றும் ஜனவரி 26ஆம் நாளன்றும் மூவண்ணக் கொடியை ஏற்றி வணங்குகின்றோம். அக்கொடியின் அமைப்பை முடிவு செய்த குழுவில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர் என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். அதனை இவ்வெள்ளிவிழா மலரில் எடுத்துரைத்தல் நம் கடமையாகும்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால், படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். பள்ளியில் பிற மாணவரோடு அமர அண்ணலுக்கு இடமில்லை. வீட்டிலிருந்து கொணர்ந்த சாக்கின்மீது அமர்ந்தே பயின்றார். தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமையில்லை. ஏவலர் வந்து ஊற்றினாலன்றித் தாகம் தீராது. அச்சிறுவரே பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்று டாக்டர் பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். 1927இல் மகத் நகரில், பொதுக்குளத்து நீரை அருந்தும் உரிமைக்காக ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்றார்.

இனிக் கொடியின் வரலாற்றைக் காண்போம். 1921ஆம் ஆண்டு பெசவாடாவில் பிங்கலி வெங்கய்யா என்னும் ஆந்திரப் பெரியார், சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியைக் காந்தியடிகளிடம் அளித்தார். அவ்விரு நிறங்களும் இந்துக்களையும் இசுலாமியரையும் குறித்தன. ஏனையோரைக் குறிக்க வெண்மையும், உழைப்பைக் குறிக்க இராட்டையும் காந்தியடிகளின் கருத்துப்படி சேர்க்கப்பட்டன. நிறங்களை மதங்களுக்குப் பங்கிடுவது பூசலுக்கு வழிவகுத்தது. ஆதலின் 1931இல் காங்கிரசு மகாசபை காவி, வெண்மை, பச்சை என அமைப்பை மாற்றி, அவை எம்மதத்தையும் குறிப்பன அல்ல எனத் தெளிவுபடுத்தியது.

விடுதலை நெருங்கிய வேளையில், 1947 ஜூனில், இராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்குழு அமைக்கப்பட்டது. ஆசாத், இராஜாஜி, சரோஜினி நாயுடு முதலியோருடன் அண்ணலும் அதில் இடம்பெற்றார். மூன்று நிறங்களும் நிலைபெற்றன. இராட்டை இருந்த இடத்தில் சாரநாத் தூணிலுள்ள அசோகச் சக்கரம் 24 ஆரங்களுடன் அமைந்தது. இராட்டை மறுபக்கத்தில் திரும்பித் தோன்றும்; சக்கரமோ இருபுறமும் ஒன்றுபோல் விளங்கும். அவ்வாண்டு ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை அக்கொடியை ஏற்றது. ஒரு கட்சியின் கொடியாக வளர்ந்தது, குடிமக்கள் அனைவர்க்கும் உரிய கொடியாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த அரசியல் சட்ட வரைவுக்குழுவிற்கு அண்ணல் தலைவரானார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். கொடியிலுள்ள அறச்சக்கரம் அப்புத்தர்பெருமானின் நெறியைச் சார்ந்ததே. டிசம்பர் 6ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எனினும் நம் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் அக்கொடியை ஏற்றவொட்டாமல் தடுக்கப்பட்ட நிகழ்ச்சிகள் தமிழகத்திலேயே நேர்ந்துள்ளன. இது 2020இலும் நிகழ்ந்தது என்பது நம்மை நாணச் செய்கின்றது. சாக்கில் அமர்ந்து பயின்றவர் வகுத்த கொடியைத் தொடுதற்கு நமக்குத் தடை விதிப்போர் எவர்?

இளைஞர்களே! கொடிக்கயிற்றை உரிமையுடன் பற்றுங்கள். அதற்கு முன் புத்தகத்தைப் பற்றுங்கள். அண்ணலை அக்குழுவில் அமர்த்தியது அவர்தம் கல்வியே. அதனை நம் பிள்ளைகளுக்கும் வழங்கவே இச்சங்கம் 25 ஆண்டுகளாய்ப் பாடுபட்டு வருகின்றது.