பறவைகளின் எல்லையை எழுதியவர்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலையில் முன்பின் காணாத பறவையொன்று தென்பட்டால், பறவை ஆர்வலர் எழுப்பும் முதல் வினா, அஃது இம்மண்ணுக்கு உரியதா, வழிதவறி வந்ததா என்பதே. விடை கூற வேண்டுமாயின், எப்பறவை எங்கு வாழ்கிறது என்று எவரேனும் முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும். அன்றைய திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கு அப்பணியைச் செய்தவர் சாலிம் அலி.

அவர் 1896இல் மும்பையில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தார். சிறுவராக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. அதன் பெயரை அறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அன்று திறந்த கதவு பின்னர் மூடவே இல்லை.

ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அவர் பார்த்து வந்த அருங்காட்சியகப் பணி இல்லாமற் போயிருந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. ஊதியம் வேண்டா, செலவுத் தொகை போதும் என்று கூறிச் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முன்வந்தார். 1933இல் திருவிதாங்கூர்க் காடுகளில் முகாமிட்டார். மனைவி தெஹ்மினாவும் உடன் சென்றார்.

அக்காலத்தில் கண்டேன் என்ற சொல் போதாது; பறவையைச் சுட்டுப் பாடம் செய்து வைத்தலே சான்று. இன்று ஒளிப்படம் போதும்; பறவையும் பிழைத்துக்கொள்கிறது!

அவர் வியந்து போற்றிய தட்டேக்காடு 1983இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அவர் 1987இல் மறைந்தார். அவருடைய பட்டியலில் இல்லாத பறவையொன்று பொன்முடியில் வந்தமர்ந்தால், இன்றும் அது செய்தியே.