ஒரு லட்சம் டாலருக்கு ஒரு பேப் ரூத்

சும்மா ஒரு கேள்வி. நீங்க ஒரு டீமுக்கு ஓனர்னு வச்சுக்கோங்க. டீம்ல ஒருத்தன் இருக்கான். பவுலிங்கில் ஏற்கனவே பெயர் வாங்கியவன். இப்போது பேட்டைத் தூக்கினால் பந்து மைதானத்தைத் தாண்டித்தான் விழுகிறது. வயது 24. அவனைப் போட்டி டீமுக்கு விற்பீர்களா?

மாட்டேன்னுதானே சொல்வீங்க? 1919 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி விற்றார். வாங்கியது நியூயார்க் யாங்கீஸ். விலைபோனவர் பேப் ரூத். சீசன் முடிந்து மைதானங்கள் எல்லாம் பனியில் கிடந்த நேரத்தில் போட்ட அந்த ஒரு கையெழுத்து, இரண்டு அணிகளின் தலையெழுத்தை மாற்றியது. அந்த மனுஷன் கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

பேஸ்பால் பார்த்ததே இல்லையா? கவலை வேண்டாம். பிட்ச்சர் என்றால் நம்ம பவுலர் மாதிரி. ஹோம் ரன் என்றால் கிட்டத்தட்ட சிக்ஸர். இது ரெண்டும் தெரிஞ்சா போதும், மேலே போகலாம்.

ஜார்ஜ் ஹெர்மன் ரூத், 1895 பிப்ரவரி 6 அன்று பால்டிமோர் நகரில் பிறந்தார். வீட்டில் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் பிழைத்தது இரண்டே பேர்: இவரும் ஒரு தங்கையும். அப்பா மதுக்கடை நடத்தினார். பையன் தெருவில் வளர்ந்தான்; பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. ஏழு வயதில் அவனைச் செயின்ட் மேரிஸ் என்ற பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய இடம். பாதி அநாதை விடுதி, பாதி சீர்திருத்தப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சில முறை வீட்டுக்கு வந்து போனாலும், பத்தொன்பது வயது வரை பெரும்பாலும் அவன் வளர்ந்தது அங்கேதான். சட்டை தைக்கக் கற்றுக்கொண்டதும் அங்கே, பேஸ்பால் கற்றுக்கொண்டதும் அங்கே. பிரதர் மத்தியாஸ் என்ற துறவிதான் அவனுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லித் தந்தவர். கடைசிவரை ரூத் மறக்காத மனிதர் அவர்.

1914ல் உள்ளூர் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை நடத்திய ஜாக் டன், பையனின் திறமையைப் பார்த்து எடுத்துக்கொண்டார். பள்ளியிலிருந்து வெளியே கொண்டுவர டன்னே சட்டப்படி காப்பாளர் ஆகவேண்டியிருந்தது. புதுப் பையனை டன்னின் குழந்தை என்று கிண்டலடித்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் பேப் என்ற பெயர். ஆனால் அதே வருஷம் பால்டிமோரில் இன்னொரு லீக்கின் அணி வந்து கூட்டத்தை எல்லாம் இழுத்துக்கொண்டது. டன்னுக்குப் பணக் கஷ்டம். ஜூலையிலேயே ரூத்தை பாஸ்டனுக்கு விற்றுவிட்டார். இதுதான் முதல் விற்பனை. காரணத்தைக் கவனிச்சுக்கோங்க: ஆட்டம் மோசம் என்பதால் அல்ல, முதலாளி கையில் காசு இல்லை என்பதால்.

பாஸ்டனில் ரூத் பிட்ச்சராகத்தான் கொடிகட்டினார். 1916ல் 23 ஆட்டங்கள், 1917ல் 24 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்தார். வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடர்களில் அவர் தொடர்ந்து 29க்கும் மேற்பட்ட இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்தச் சாதனை 1961 வரை உடையவில்லை. அவர் அங்கே இருந்தபோது 1915, 1916, 1918 என்று மூன்று முறை பாஸ்டன் சாம்பியன்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிட்ச்சர் தினமும் ஆட மாட்டார். சில நாட்களுக்கு ஒருமுறைதான் தோளுக்கு வேலை, மற்ற நாட்களில் ஓய்வு. அப்படியென்றால் இவ்வளவு பலமாக அடிக்கிற ஒருத்தரைப் பாதி நாள் பெஞ்சில் உட்கார வைக்கிறோமே? 1918ல் ஓய்வு நாட்களிலும் ரூத்தை ஃபீல்டராக இறக்கிப் பார்த்தார்கள். 1919ல் அவர் அடித்த ஹோம் ரன்கள் 29. அதுவரை ஒரு சீசனில் யாரும் அத்தனை அடித்ததில்லை. அந்த வருஷம் பாஸ்டன் அணி மொத்தமே அடித்தது 33. மீதி எல்லாரும் சேர்ந்து நாலு! ஆனாலும் அணி எட்டில் ஆறாவது இடம். ஒருத்தர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டீமைத் தனியாக இழுக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, அப்புறம் ஏன் விற்றார்கள்?

அணியின் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, தொழிலால் நாடகத் தயாரிப்பாளர். அணியை வாங்கிய கடனே அவருக்கு இன்னும் முழுசாக அடையவில்லை. ரூத்தோ மூன்று வருஷத்துக்கு, வருஷம் 10,000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். 29 ஹோம் ரன் அடித்ததும் 20,000 கேட்டார். ராத்திரி ஊர்சுற்றல், ஒழுங்குமீறல் என்று வேறு தலைவலி. யாங்கீஸ் முதலாளிகளில் ஒருவர் ஜேக்கப் ரூப்பர்ட், பீர் ஆலை அதிபர். அவர் ரூத்துக்கு ஒரு லட்சம் டாலர் விலை பேசினார். அதோடு ஃப்ரேஸிக்கு மூன்று லட்சம் டாலர் கடனும் தருவதாக ஒப்புக்கொண்டார். அடமானம் என்ன தெரியுமா? பாஸ்டன் அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்! எதிரணி முதலாளியிடமே தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த கதை. விற்பனைச் செய்தி 1920 ஜனவரி 5 அன்று வெளியானது.

ரூத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைய ஒப்பந்தங்களில் ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. வருஷம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம்; அணி விரும்பினால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் விற்கும். வேலைக்குச் சேரும்போது மூணு வருஷ பாண்ட் என்றாலே நாம எவ்வளவு யோசிக்கிறோம்? இது முடிவே இல்லாத பாண்ட். ரூத் அப்போது நாட்டின் இன்னொரு மூலையில், கலிஃபோர்னியாவில் இருந்தார். யாங்கீஸ் மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் அங்கேயே போய் அவரைப் பார்த்தார். தன்னை விற்ற பணத்தில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ரூத் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட சம்பளத்தைத் தர யாங்கீஸ் ஒத்துக்கொண்டது.

இனி கணக்கைப் பார்ப்போம். நியூயார்க்குக்கு வந்த 1903லிருந்து யாங்கீஸ் ஒரு லீக் பட்டம்கூட வாங்கியதில்லை. சொந்த மைதானமும் கிடையாது; ஜயன்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்ஸில் வாடகைக்குக் குடியிருந்தது. ரூத் வந்த பிறகு மாறியது மூன்று விஷயங்கள்.

முதலாவது, அவர் பார்த்த வேலை. யாங்கீஸ் அவரைப் பிட்ச்சராக வாங்கவே இல்லை. தினமும் அடிக்கிற ஆளாக வாங்கியது. 1919ல் அவர் அடித்த 29ல் 20 வெளியூர் மைதானங்களில் வந்தவை. ஏனென்றால் ஃபென்வேயின் வலப்பக்க எல்லை இடக்கை ஆட்டக்காரருக்குத் தூரம். போலோ கிரவுண்ட்ஸின் வலப்பக்க மூலையோ 260 அடிக்கும் குறைவு. விளைவு, 1920ல் 54 ஹோம் ரன். அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கில் வேறு எந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட அத்தனை அடிக்கவில்லை.

இரண்டாவது, கூட்டம். 1919ல் யாங்கீஸ் ஆட்டங்களை உள்ளூரில் பார்க்க வந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 19 ஆயிரம் பேர். 1920ல் அது 12 லட்சத்து 89 ஆயிரம். பேஸ்பாலில் ஒரு சீசனில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் அணி அதுதான். வாடகைக்காரன் வீட்டுக்காரனைவிடப் பணக்காரன் ஆனால் என்ன நடக்கும்? ஜயன்ட்ஸ் இடத்தைக் காலி பண்ணச் சொன்னது. யாங்கீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக யாங்கீ ஸ்டேடியம் கட்டியது. 1923 ஏப்ரல் 18, திறப்பு நாள். எதிரணி பாஸ்டன். முதல் ஹோம் ரன் அடித்தவர், வேற யாரு, ரூத்தான்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வந்த பணத்தை யாங்கீஸ் அணிக்குள்ளேயே போட்டது. பாஸ்டன் மேனேஜர் எட் பேரோவையே நிர்வாகியாக அழைத்துவந்தது. அவருக்குத் தெரியும், பாஸ்டனில் யார் சரக்குள்ள ஆள் என்று. வெய்ட் ஹோய்ட், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், ஹெர்ப் பென்னாக் என்று வரிசையாக வந்தார்கள். 1919லேயே வந்த கார்ல் மேஸையும் சேர்த்தால், 1923 அணியில் ஐந்து பிட்ச்சர்கள் முன்னாள் பாஸ்டன்காரர்கள்.

அதனால்தான் பலன் ஒரே ராத்திரியில் வரவில்லை. 1919ல் மூன்றாவது இடத்தில் இருந்த யாங்கீஸ், ரூத் 54 அடித்த 1920லும் மூன்றாவது இடம்தான். 1921ல் அவர் 59 அடித்தபோது முதல் லீக் பட்டம். 1923ல் முதல் வேர்ல்ட் சீரிஸ். ரூத் இருந்த காலத்தில் மொத்தம் ஏழு லீக் பட்டங்கள், நான்கு வேர்ல்ட் சீரிஸ்.

பாஸ்டன்? 1922லிருந்து 1932 வரை பதினோரு சீசன்களில் ஒன்பது முறை கடைசி இடம். ஃப்ரேஸி 1923ல் அணியையே விற்றுவிட்டுப் போனார். அடுத்த வேர்ல்ட் சீரிஸ் வெற்றிக்கு ஊரே 2004 வரை, 86 வருஷம் காத்திருந்தது. இதை ரூத்தின் சாபம் என்று சொல்லி ஒரு புராணமே உண்டு. ரூத்தை விற்ற காசில் ஃப்ரேஸி ஒரு பிரபல இசை நாடகம் போட்டார் என்பார்கள்; அந்த நாடகம் பிராட்வேக்கு வந்தது 1925ல். சாபம் எல்லாம் ஒன்றும் இல்லீங்க. வந்த பணம் கடனுக்குப் போனது, அணிக்குத் திரும்பவில்லை. ஒருத்தரை விற்றதும் அடுத்தவர்களை விற்க வேண்டிய நிலைமை வந்தது. விதை நெல்லை விற்றுச் சாப்பிட்டவன் கதைதான்.

ரூத் 1927ல் 60 ஹோம் ரன் அடித்தார். ஓய்வு பெறும்போது மொத்தம் 714. அதை முறியடிக்க 1974ல் ஹாங்க் ஆரன் வரவேண்டியிருந்தது. ஆனால் அவர் மனசில் இருந்த ஆசை வேறு: ஓர் அணிக்கு மேனேஜர் ஆகவேண்டும். யாங்கீஸ் அந்த நாற்காலியைத் தரவே இல்லை. 1935 பிப்ரவரியில் அவரை விடுவித்தது. பாஸ்டனின் இன்னொரு அணியான பிரேவ்ஸ், துணைத் தலைவர், உதவி மேனேஜர் என்று பதவிகளைக் காட்டி அழைத்தது. அவருடைய பெயரைக் காட்டி டிக்கெட் விற்கத்தான் என்பது சில வாரங்களில் புரிந்துபோனது. மே 25 அன்று பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். அவைதான் கடைசி மூன்று. ஒரு வாரத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். 1938ல் புரூக்ளின் அணியில் கொஞ்ச காலம் பயிற்சியாளராக நின்றார். மேனேஜர் ஆக யாரும் அழைக்கவில்லை. 1948 ஆகஸ்ட் 16 அன்று புற்றுநோயால் இறந்தபோது வயது 53. உடலை யாங்கீ ஸ்டேடியத்தில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த முறை பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் டீம் மாறும் செய்தி வந்தால், எவ்வளவு விலை என்பதோடு நிறுத்திடாதீங்க. புது இடத்தில் அவருக்கு என்ன வேலை தரப்போகிறார்கள்? விற்றவர் அந்தப் பணத்தை எங்கே போடுகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், ரெண்டு டீமும் ஐந்து வருஷம் கழித்து எங்கே நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அப்படியே மூன்றாவதாக இன்னொன்றும் கேளுங்க: அந்த ஆட்டக்காரரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ரூத்திடம் கேட்கவில்லை. ஏழு வயதிலும் கேட்கவில்லை, இருபத்து நான்கிலும் கேட்கவில்லை.