ஜகதீச சந்திர போஸ்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்து மாந்தோப்புகளினூடே செல்லுங்கால், மரங்களின் உள்ளே நிகழ்வது யாதென நாம் எண்ணுவதில்லை. அதனை அறிவதிலேயே வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜகதீச சந்திர போஸ்.

1858-இல் வங்காளத்திற் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர்க்குக் குறைந்த ஊதியம் என்ற வேற்றுமையைப் பொறாது, மூன்றாண்டுகள் ஊதியம் வாங்காமலே உழைத்து, முடிவில் நிலுவையுடன் முழு ஊதியமும் பெற்றார்.

ஆராய்ச்சிக் கருவிகளைத் தாமே வகுத்து, நம் நாட்டுத் தொழிலாளரைக் கொண்டே செய்வித்தார். அவற்றுள் ஒன்று மின்சலாகை. மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடி நுண்குழலில் நுனி மட்டும் வெளித்தோன்ற அமைத்து, செடியின் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தினார். உள்ளே நிகழும் மின்மாற்றங்களை மானி காட்டிற்று. தண்டினுள்ளே ஒருவகைத் துடிப்புண்டு, சாறு மேலேறுவது அதனாலே என்றார். அம்முடிவை அறிஞர் பலர் ஏற்றிலர். ஆயினும் செடிகளில் மின்சைகைகள் ஓடுதல் பின்னர் உறுதியாயிற்று.

1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய இவர், 1937-இல் மறைந்தார். இன்று நீரிழிவு நோயாளரின் தோலடியில் நுண்ணிழையொன்று தங்கிச் சர்க்கரையளவை உணர்த்துகின்றது. உயிருள்ளதனுட் புகுந்து அதன் நிலையறியும் அவ்வழியில், கருவி இல்லையே என்று வாளாவிராது, அதனைத் தாமே ஆக்கிக்கொண்டு நடந்தவர் போஸ் என்பதை மாணவராகிய நாம் மறவாதிருப்போமாக.