திண்டிவனத்தில் ஓர் இரவு



தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூரைக் கடக்கும்பொழுது, சீருடை அணிந்த செவிலிய மாணவியர் கூட்டமாகக் கல்லூரிக்குச் செல்வதைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்களுள் முக்காடிட்ட நம் வீட்டுப் பெண்களும் உளர். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், அப்பகுதியைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னை அணுகி, தம் மகள் நர்சிங் படிக்க விரும்புவதாகவும், மார்க்கம் அதற்கு இடம் தருமா என்றும் வினவினார். அவருக்கு நான் முதலில் சொன்னது சட்டமன்று. ஒரு மாற்று மதப் பெண்மணியின் வரலாறு. அதே சாலையில் இன்னும் தெற்கே சென்றால் வரும் திண்டிவனத்தில்தான் அவ்வரலாற்றின் திருப்பம் நிகழ்ந்தது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து மருத்துவம் செய்த பாதிரியார். தகப்பனாரும் அவ்வாறே. ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்வில் நாட்டமில்லை. சிறு வயதில் 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டவர் அவர். அமெரிக்காவில் படிப்பை முடித்துக்கொண்டு அங்கேயே சுகமாக வாழ வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது. தாயார் நோயுற்றமையால் அவரைப் பராமரிக்கும் பொருட்டே 1890ஆம் ஆண்டு வாக்கில் திண்டிவனத்திற்கு வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடும் கருத்துடன் வந்தவர் அவர்.

ஓர் இரவு பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். தாம் மருத்துவம் கற்றவரல்லர் என்றும், தம் தந்தையார் மருத்துவர், அவர் வருவார் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தீண்டலாகாது என்று சொல்லி அவர் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே விடை, அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்துப் பெருமகனாரும் வந்து அவ்வாறே திரும்பினார். அவ்விரவு ஐடாவுக்கு உறக்கமில்லை. விடிந்ததும் பறையோசை கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் மாண்டுவிட்டார்கள் என்று தெரியவந்தது.

வாசகர்களே, அந்த நடு இரவில் வந்து திரும்பிய நம் சகோதரரைப் பற்றி நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். மனைவியின் மானத்தைக் காப்பதாகவே நினைத்தார். ஆனால் உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்த நிலையில், பெண் மருத்துவர் கிடைக்காதபோது, ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பது ஆகுமானது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே விதித்திருக்கின்றன. அந்தச் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆலிம் அங்கே இல்லை. மருத்துவம் அறிந்த ஒரு பெண்ணும் அங்கே இல்லை. முதலாவது குறைக்கு எங்களைப் போன்றோரே பொறுப்பாளிகள். இரண்டாவது குறையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் என்றைக்கோ சுட்டிக் காட்டிவிட்டார்கள். மருத்துவக் கல்வி பர்ளு கிஃபாயா. ஊரில் எவரும் அதைக் கற்காவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மாணவர்கள் சட்டக் கலையையே மொய்த்துக்கொண்டு மருத்துவத்தைப் பிறரிடம் விட்டுவிட்டதை எண்ணி அவர்கள் வருந்தியிருக்கிறார்கள்.

ஐடா தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று, பெண்களுக்கு அப்போதுதான் வாயில் திறந்திருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மான்ஹாட்டன் நகரத்து வங்கி முதலாளி ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளித்தார். அப்பணத்துடன் 1900ஆம் ஆண்டு வேலூர் வந்து, ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தகப்பனார் காலமானார். முதல் அறுவைச் சிகிச்சையின்போது அம்மையாருக்கு உதவி செய்தது வீட்டுப் பட்லரின் மனைவி என்பார்கள். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1906ஆம் ஆண்டு முதல் சாலையோர மருத்துவ முகாம்களும் தொடங்கின. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள்.

மருத்துவர் ஒருவராகவே எல்லாம் செய்ய இயலாது என்பதை அம்மையார் விரைவில் உணர்ந்தார். மருத்துவர் பார்த்துச் சென்ற பிறகு இரவெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவள் செவிலி. ஆகவே 1909ஆம் ஆண்டில், டெலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் துணையுடன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பிறர் உடலின் கழிவைத் துடைப்பது இழிதொழில் என்று பெருங்குடியினர் எண்ணிய காலம் அது.

செவிலியர் படிப்பு என்றால் ஊசி போடப் பழகுவது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். அவ்வாறன்று. நோய் உடலில் எவ்வாறு தோன்றி வளர்கிறது என்பதை அவள் முதலில் அறிய வேண்டும். காலரா கண்டவர் மடிவது உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். இதை அறியாதவள், பேதியாகிறது என்று தண்ணீரை நிறுத்திவிடுவாள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல் எழும். அது நோயின் குறியா மருந்தின் குறியா என்று பிரித்தறிய வேண்டும். இன்று பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்தை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் நேரே செலுத்தினால் இதயமே நின்றுவிடும். எனவேதான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் பார்க்காமல் கொடுக்கலாகாது என்று மாணவியருக்குப் பாடமாக வைக்கிறார்கள். சீட்டிலுள்ள பெயரை எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை படிக்க வேண்டும். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ஈடு தரக் கடமைப்பட்டவர் என்ற நம் சட்டத்தை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்றுமுறைப் படிப்பு நினைவுக்கு வரும்.

1918ஆம் ஆண்டில் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஆறு பேர் வந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று அரசு அதிகாரி அவநம்பிக்கையுடன் சொன்னாராம். 151 பேர் விண்ணப்பித்தனர். முதல் அணியில் 14 பேர் தேறினர். பின்னர் 1937ஆம் ஆண்டு வாக்கில் பெரும் சோதனை வந்தது. வெறும் டிப்ளோமா போதாது, பட்டப்படிப்பாக உயர்த்தாவிடில் பள்ளி நிற்காது என்று அரசு ஆணையிட்டது. எழுபதைத் தாண்டிய வயதில் அம்மையார் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1946ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியும் கல்லூரியாக உயர்ந்து, இந்தியாவில் நர்சிங் பட்டம் வழங்கத் தொடங்கிய முதற் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று.

அந்தத் தகப்பனாருக்கு ருஃபைதா (ரலி) அவர்களையும் நினைவூட்டினேன். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் அமைந்திருந்த அந்த அம்மையாரின் கூடாரத்தில்தானே சிகிச்சை பெற்றார்கள்! மானம் பேணும் உடையோடும் ஒழுங்கோடும் மகள் படிக்கட்டும். இரவுப் பணிக்குப் போக்குவரத்துப் பாதுகாப்பை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஐடா அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சமயம் வேறு. அது நமக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு. நன்மையை நன்மை என்று சொல்ல அது தடையாகாது. ஊர்ப் பெயர்கூட இல்லாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசமிட்டு வந்த கடிதம் அவரிடமே வந்து சேர்ந்தது என்பர். முதுமையைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதத்தில், 89ஆம் வயதில் அங்கேயே காலமானார். ஒரு கட்டிலுடன் தொடங்கிய அந்த இடம் அப்போதே நாடெங்கும் அறிந்த மருத்துவமனையாக வளர்ந்திருந்தது.