சிறுவண்டைத் தேடியவர்

அமெரிக்க நாட்டுப் பூச்சியியல் அறிஞர்களுள் முதன்மையானவர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. இவர் 1843ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். 17 வயதில் கடல் கடந்து சென்று, இல்லினாய் மாநிலத்துப் பண்ணையொன்றில் உழைத்தார். பயிரை அழிக்கும் பூச்சிகளை அங்கே உற்றுநோக்கலானார். அவற்றை அழகுற வரையவும் வல்லவராயிருந்தார். 1868இல் மிசௌரி மாநிலத்தின் பூச்சியியலாளராக அமர்த்தப்பட்டார். பின்னர் நடுவண் அரசின் வேளாண் துறையில் தலைமைப் பூச்சியியலாளராக உயர்ந்தார்.

அக்காலத்தில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிற்பூச்சி பற்றிக்கொண்டது. வெண்பஞ்சை ஒட்டிவைத்தாற்போல் கிளைகளில் அப்பிக்கொண்டு, அது மரத்தின் சாற்றை உறிஞ்சியது. மருந்து தெளித்தும் நச்சுப்புகை மூட்டியும் போதிய பயன் கிட்டவில்லை. தாம் வளர்த்த மரங்களைத் தம் கையாலேயே வெட்டி எரித்த உழவரும் உண்டு.

இப்பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததென ரைலி தெளிந்தார். தாயகத்தில் அது பெருந்தீங்கு விளைவிக்கவில்லை. அப்படியாயின், அதனை அடக்கிவைக்கும் எதிரி அங்கே இருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வெதிரியைத் தேடி ஆளனுப்ப விரும்பினார். ஆனால், துறையின் பூச்சியியலாளர் வெளிநாடு செல்வதற்கு அரசுப் பணத்தைச் செலவிடலாகாது என்னும் தடை குறுக்கே நின்றது. ரைலி சோர்ந்துவிடவில்லை. 1888இல் மெல்போர்னில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சிக்குச் சென்ற குழுவினரோடு, தம் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலேயையும் சேர்த்து அனுப்பினார்.

செதிற்பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து அதனைக் கொல்லும் சிறு ஈ ஒன்றையே ரைலி பெரிதும் நம்பியிருந்தார். கோபெலே அதனோடு வேறொன்றையும் கண்டார். அஃது அரிசிமணியினும் சிறிய பொறிவண்டு. செந்நிற முதுகில் கருந்திட்டுகள் கொண்டது. வண்டும் செதிற்பூச்சியைத் தின்றது. அதன் புழுவும் தின்றது. கப்பலில் குளிர்ந்த இடத்தில் வைத்து அனுப்பப்பட்டவற்றுள் முதலில் வந்துசேர்ந்த வண்டுகள் 129. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணிக்கூடாரத்தால் மூடி, அவற்றை உள்ளே விட்டனர். சில மாதங்களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. உழவர்கள் பெட்டிகளில் வாங்கிச்சென்று தத்தம் தோட்டங்களில் விட்டனர். 1889ஆம் ஆண்டு முடிவதற்குள் செதிற்பூச்சி அடங்கியது. பயணச் செலவோ சில ஆயிரம் டாலர்களைத் தாண்டவில்லை.

தோட்டக்காரர்கள் கோபெலேக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்தனர். வெற்றியின் பெருமை யாருக்கு உரியது என்னும் வழக்கும் எழுந்தது. எண்ணம் ரைலியுடையது, கண்டெடுத்த கண்கள் கோபெலேயுடையவை. இருவருள் ஒருவர் இல்லையேனும் அவ்வண்டு கடல் கடந்திராது.

1895ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் மிதிவண்டியிலிருந்து விழுந்து ரைலி உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 51. பின்னாளில் நம் நீலகிரி மலையின் வாட்டில் மரங்களில் அதே செதிற்பூச்சி பரவியபோது, அதனை அடக்க அப்பொறிவண்டே வரவழைக்கப்பட்டது.